கியர்பாக்ஸ் போயிடுச்சா? பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

கச்சிராயபாளையம் பக்கத்து ஊர்களுக்குப் பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மகன் புது வண்டி எடுத்ததும் பழையதை அப்பாவுக்கு அனுப்பிவிடுகிறான். முட்டி வலிக்காரருக்கு கிளட்ச் மிதிக்கிற வேலை இல்லை என்பதில் வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் நகர நெரிசலில் பத்து வருஷம் உழைத்த அந்த கியர்பாக்ஸுக்கு இங்கே ஓய்வு கிடைப்பதில்லை. அரவை நடக்கும் மாதங்களில் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர வேண்டும். விருந்தாளி வந்தால் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏற வேண்டும். கல்வராயன் மலை 2,000 முதல் 3,000 அடி உயரம்தான். ஊட்டியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை என்றாலும், ஏற்கெனவே தேய்ந்த கியர்பாக்ஸைக் காட்டிக்கொடுக்க அந்த ஏற்றம் போதும்.

வண்டி திணறியதும் ஒர்க்‌ஷாப்பில் காதில் விழும் முதல் வாக்கியம், "கியர்பாக்ஸ் போயிடுச்சு சார், இறக்கணும்." இறக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதியை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

1. முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் சாலைகளில் ஓடுபவை நான்கு வகை. பழைய சான்ட்ரோ, ஐ10 ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில்தான் இழுவையைக் கடத்துகிறது. 2000-களில் வந்த ஹோண்டா சிட்டி சிலவற்றில் சிவிடி. பல்சக்கர கியர்களுக்குப் பதில் இரண்டு கப்பிகள், நடுவே எஃகு பெல்ட். (1958-இல் டச்சு நாட்டு டாஃப் கார் இதே ஏற்பாட்டை ரப்பர் பெல்ட்டில் செய்து காட்டியது.) 2014-இல் மாருதி செலிரியோவோடு பரவியது ஏஎம்டி. அது அசல் மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச் மிதிக்கவும் கியர் மாற்றவும் உங்களுக்குப் பதில் ஒரு ஹைட்ராலிக் கருவி வேலை பார்க்கிறது. போலோ ஜிடி, ஈகோஸ்போர்ட் போன்றவற்றில் வந்தது இரட்டை கிளட்ச் வகையான டிசிடி. லிவரில் 'பார்க்' என்ற இடமே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஏஎம்டி. வகை தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வைத்தியத்தைச் செய்தால் நோய் ஒன்று, மருந்து வேறு என்று ஆகிவிடும். வண்டியோடு வந்த கையேடு தொலைந்திருந்தால் கம்பெனி இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. எல்லா அசைவும் கோளாறு அல்ல. ஏஎம்டி வண்டி கியர் மாற்றும்போது தலை லேசாக முன்னால் போய் வருவது அதன் சுபாவம். சிவிடியில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் எஞ்சின் சத்தம் முதலில் ஏறி, வேகம் பின்னால் வருவதும் அப்படியே. நேற்றுவரை இல்லாத ஒன்று இன்று வந்திருந்தால்தான் கவலை.

3. வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை நன்றாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷம் கழித்து டிரைவுக்கு மாற்றுங்கள். பிறகு ரிவர்ஸுக்கு. ஒவ்வொரு முறையும் கியர் விழுவது உடலுக்கே தெரியும். இரண்டு விநாடிக்குள் விழுந்தால் சரி. மூன்று, நான்கு என்று காத்திருக்க வேண்டியிருந்தால் ஆயில் குறைந்திருக்கலாம், உள்ளே சீல் இறுகிப்போய் பிரஷர் கட்டத் தாமதமாகலாம். 'டம்' என்று இடித்தால் அடுத்த குறிப்புகளுக்கு வாருங்கள். இந்தச் சோதனையை வண்டி நன்றாக ஓடும் நாளிலும் ஒருமுறை செய்து வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

4. ஒரு நோட்டில் எழுதுங்கள். எப்போது வழுக்கியது, வண்டி சூடாக இருந்ததா ஆறியிருந்ததா, என்ன வேகம், ஏற்றமா சமதளமா, எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஏசி ஓடியதா? "சில சமயம் ஒரு மாதிரி பண்ணுது" என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. "சூடானபிறகு இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது மட்டும் ஆர்பிஎம் எகிறுது" என்றால் பாதி வேலை முடிந்தது.

5. ஆயில்! ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் உயிர் அதில்தான் இருக்கிறது. மேனுவல் கியர்பாக்ஸில் ஆயில் பற்களுக்கு மசகு மட்டும்தான். டார்க் கன்வெர்ட்டரிலும் சிவிடியிலும் அது மசகு, குளிரூட்டி, கியர்களைப் பிடிக்கும் பிரஷர் என்று மூன்று வேலை பார்க்கிறது. அளவு குறைந்தாலும், கெட்டுப்போனாலும் மூன்றும் ஒரே நேரத்தில் கெடும்.

டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் பார்க்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல வண்டிகளில் சுமார் 15 கிலோமீட்டர் ஓட்டி, சமதளத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லிவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் வந்து, கையேடு சொல்லும் நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் சூடேறியபின் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒன்று முதல் ஒன்றரை நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும். கம்பியைத் துடைக்க நூல் பிரியும் கந்தலை எடுக்காதீர்கள். ஒரு நூல் உள்ளே போனாலும் வால்வு ஓட்டைகளில் மாட்டும்.

6. கம்பியில் வரும் ஆயிலை ஒரு வெள்ளைத் தாளில் சொட்டவிட்டு வெயிலில் பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நலம். லேசாகப் பழுத்த நிறம் வயதின் அடையாளம், மாற்றும் காலம் வந்துவிட்டது. கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கின்றன. ஆனால் சில கம்பெனி ஆயில்கள் புதிதிலேயே சிவப்பாக இருக்காது. பச்சை, மஞ்சள், நீலம்கூட உண்டு. ஆகவே நிறத்தைவிட வாடையை நம்புங்கள். நிறம் ரோஸ்மில்க் போல நுரைத்துக் கிடந்தால் வண்டியை அதே இடத்தில் நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டரின் உள்ளேயே கியர் ஆயிலைக் குளிரவைக்கும் குழாய் ஓடும் வண்டிகள் பல. அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும். பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு, கோளாறு இல்லாவிட்டாலும், ரேடியேட்டரை ஒருமுறை மாற்றிவிடுவது கியர்பாக்ஸுக்குச் செய்யும் மலிவான காப்பீடு.

7. "எல்லாம் சிவப்பு ஆயில்தானே" என்று எதையாவது ஊற்ற விடாதீர்கள். பழைய நான்கு கியர் ஹூண்டாய்களுக்கு எஸ்பி-3, டொயோட்டாவுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து டி-4 அல்லது டபிள்யூஎஸ், ஹோண்டா டார்க் கன்வெர்ட்டருக்கு டிடபிள்யூ-1 என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தரம் உண்டு. சிவிடிக்கு சிவிடி ஆயில் மட்டும். அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றினால் எஃகு பெல்ட் கப்பியில் வழுக்கி இரண்டையும் கீறிவிடும். பிறகு ஆயில் மாற்றியும் பயனில்லை. கேனின் மேலுறையில் உங்கள் கையேட்டில் உள்ள தரத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கள்ளக்குறிச்சியில் கிடைக்காவிட்டால் சேலத்திலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நாள் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

8. "இதற்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்றவே வேண்டாம்" என்று சொல்லி விற்கப்பட்ட வண்டிகள் உண்டு. யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயில் சூட்டில் பழுக்கும். சாதாரணமாக 80, 90 டிகிரியில் வேலை செய்யும் ஆயில், சுமார் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஆயுளில் பாதியை இழக்கிறது என்பது இத்துறையில் காலங்காலமாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலும் மலையேற்றமும் சேர்ந்தால், 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவதே நல்லது.

வெப்பம் என்ன செய்யும் என்பதற்குக் கம்பெனிகளே சாட்சி. 2013 நவம்பரில் வோக்ஸ்வேகன் தன் ஏழு கியர் டிசிடி வண்டிகளை உலகம் முழுவதும் 16 லட்சம் அளவுக்குத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் சிந்தெடிக் கியர் ஆயில் மின்கோளாறுக்குக் காரணமானதால், அதை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஜெர்மனியில் சரியாக ஓடியது வெயில் நாட்டில் சரிவரவில்லை. உங்களுடையது அந்த வகையில் பழைய வண்டி என்றால், இந்த வேலை நடந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

9. ஆயில் மாற்றும்போது கீழே உள்ள போல்ட்டைத் திறந்தால் வருவது மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். முழுவதும் மாற வேண்டுமானால் வடித்து ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்ற வேண்டும். இதைப் பொறுமையாக இரண்டு மூன்று தடவையாகச் செய்வதுதான் என் கட்சி. மெஷின் வைத்து அழுத்தத்தில் அலசுவது, ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்குப் பரவாயில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை ஆயிலே மாற்றாத வண்டியில் அது அடியில் படிந்த கசடைக் கிளப்பி வால்வுகளில் கொண்டுபோய் அடைத்துவிடும். "ஆயில் மாற்றினதும் கியர்பாக்ஸ் போச்சு" என்ற கதைகளில் சில இப்படித்தான் பிறக்கின்றன. வேறு சில, ஏற்கெனவே கருகிவிட்ட கியர்பாக்ஸுக்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றிய கதைகள்.

10. ஆயில் சட்டியைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். அதன் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் மை போல மிருதுவான சாம்பல் பசை ஒட்டியிருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் செதில், பல் துண்டு என்று வந்தால் ஆயில் மாற்றி ஏமாற வேண்டாம். பெரிய வேலை காத்திருக்கிறது. போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரும் கேஸ்கட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

11. கியர்பாக்ஸைக் குற்றம் சொல்வதற்கு முன் சில்லறைக் கோளாறுகளைப் பாருங்கள். பார்க்கிலிருந்து லிவர் நகரவே மாட்டேன் என்றால், யாரையாவது பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லையா? பிரேக் சுவிட்சோ ஃபியூஸோ போயிருக்கிறது. பிரேக் மிதிபடுவது கம்ப்யூட்டருக்குத் தெரியாததால் லிவரைப் பூட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபியூஸ் விலை ஒரு டீக்காசு. லிவர் பக்கத்தில் சின்ன மூடிக்குள் பூட்டைக் கையால் விடுவிக்கும் வழி பல வண்டிகளில் உண்டு.

டிரைவில் போடும்போது 'டம்' என்று இடித்தால் எஞ்சின் மவுண்டுகளைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் எஞ்சினே துள்ளும். பழி கியர்பாக்ஸ்மேல் விழும். பேட்டரிக்கு வயதாகிவிட்டதா? ஏஎம்டியும் டிசிடியும் மின்சாரத்தை நம்பி வாழ்பவை. வோல்டேஜ் குறைந்தால் கியர் மாற மறுக்கும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைத் தூள், துருப்பிடித்த எர்த் வயர், எலி கடித்த ஒயரிங் எல்லாம் இதே கணக்கு. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துபவர்கள் எலியை முதலில் சந்தேகப்படுங்கள்.

12. எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, கியர் எழுத்து மின்னினாலோ ஸ்கேனர் போடாமல் யாரையும் தொடவிடாதீர்கள். பி0700 என்று வந்தால் "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல விரும்புகிறது" என்பதுதான் பொருள். கோளாறு என்னவென்று அது சொல்லாது. அதோடு வரும் அடுத்த கோடுதான் முக்கியம். பி0741 டார்க் கன்வெர்ட்டரின் உள் கிளட்சைக் காட்டும், பி0730 கியர் விகிதம் சரியில்லை என்று சொல்லும். ஸ்பீடு சென்சாரைக் காட்டும் கோடு வந்தால் மகிழுங்கள். அது வெளியிலிருந்தே மாற்றக்கூடிய சின்னப் பொருள். கோடுகளை எழுதி வைத்துக்கொண்ட பிறகே அழிக்கச் சொல்லுங்கள். முதலில் அழித்துவிட்டு "சரியாப் போச்சு, ஓட்டிப் பாருங்க" என்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

13. ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டால் பயப்படாதீர்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கம்ப்யூட்டர் எடுக்கும் முடிவு அது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். சரியானாலும் பயணத்தைத் தொடராமல் மெதுவாக வீடு திரும்புங்கள். வந்தது ஒரு தடவை என்றாலும் காரணம் உள்ளே இருக்கிறது.

14. மலையேறுவதா வேண்டாமா என்பதை அணைக்கட்டுப் பக்கம் வரும்போதே முடிவு செய்யுங்கள். சமதளத்தில் ஒருமுறையாவது வழுக்கிய வண்டியை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. மேகம் அருவியும் பெரியார் அருவியும் எங்கும் போய்விடாது. அன்றைக்கு வாடகை வண்டி பிடியுங்கள், பஸ் ஏறுங்கள். மலைப் பாதையில் பல இடங்களில் போன் சிக்னல் நம்பும்படி இருக்காது, இருட்டினால் ஆள் நடமாட்டமும் குறைவு. ஐந்து பேர் வண்டியில் ஏழு பேரும் பிரியாணி அண்டாவும் ஏறும் சுற்றுலாவுக்கு வயதான கியர்பாக்ஸ் சரிப்படாது.

15. நல்ல நிலையில் உள்ள வண்டியாக இருந்தாலும் ஏற்றத்தில் டிரைவில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அது மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தாவி ஆயிலைச் சூடேற்றும். ஓவர்டிரைவை அணைக்கும் பொத்தான் இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் லிவரை '2'-க்கோ மேனுவல் பக்கத்துக்கோ கொண்டுவந்து ஒரே கியரில் ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரை மிதித்து வண்டி தானாகக் குறைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மரவள்ளி லாரி முன்னால் போனால் இடைவெளி விட்டு நின்று, அது ஒரு வளைவு தாண்டியபின் ஒரே மூச்சில் ஏறுங்கள்.

16. ஏஎம்டி, டிசிடி வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமலிருக்க ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி பிடித்து நிற்காதீர்கள். டார்க் கன்வெர்ட்டரில் அப்படிச் செய்தால் ஆயில் சூடாகும், அவ்வளவுதான். ஏஎம்டியிலோ கிளட்ச் தட்டு பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் உராய்ந்துகொண்டே இருக்கும். சில நிமிஷத்தில் கருகிய வாடை வரும். நிற்கும்போது பிரேக், கிளம்பும்போது ஹேண்ட் பிரேக்கின் துணை. கரும்பு டிராக்டர் வரிசையில் ஊரும்போதும் அடி அடியாக நகராமல், பத்து மீட்டர் இடைவெளி கிடைத்ததும் ஒரேயடியாக நகர்ந்து நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் கிளட்ச் தட்டுக்குக் காசு தரப்போவதில்லை.

17. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் மேனுவல் காலத்திலேயே தப்பு; ஆட்டோமேட்டிக்கில் பெருந்தப்பு. எஞ்சினின் பிடி போய், முழு பாரமும் பிரேக்குக்கு வரும். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூடேறிக் கேட்காமல் போகலாம். '2' அல்லது 'எல்' நிலையில் இறங்குங்கள். எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும்.

18. சரிவில் நிறுத்தும்போது வரிசை இது: பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு பார்க்கில் போடுங்கள். நேரே பார்க்கில் போட்டால் ஒரு டன் வண்டியின் பாரம் முழுவதும் விரல் அளவு இரும்புக் கொக்கி ஒன்றின்மேல் தொங்கும். பார்க் இல்லாத ஏஎம்டியில் எஞ்சினை அணைக்குமுன் கியரில் போட்டுவிடுங்கள். சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பது எந்த வண்டிக்கும் நல்லது; கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

19. ஏறும்போது தீய்ந்த வாடை வந்தால் நிழல் பார்த்து நிறுத்துங்கள். டார்க் கன்வெர்ட்டர், சிவிடி என்றால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டாம். பார்க்கில் போட்டு ஐந்து, பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டால் ஆயில் சுற்றி வந்து ரேடியேட்டரில் ஆறும். எஞ்சின் வெப்ப முள்ளும் சேர்ந்து ஏறியிருந்தால் மட்டும் அணைத்துவிடுங்கள். பானெட்டில் தண்ணீர் ஊற்றும் வேலை வேண்டாம்.

20. வண்டி நின்றால் தள்ளுவதற்கு நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மனசு நல்ல மனசு. ஆனால் டார்க் கன்வெர்ட்டரும் சிவிடியும் தள்ளி ஸ்டார்ட் ஆகாது. எஞ்சின் ஓடினால்தான் உள்ளே பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் கியர் பிடிக்கும். அதே காரணத்தால் கயிறு கட்டி இழுத்துப் போவதும் ஆகாது. மசகு இல்லாமல் உள்ளே எல்லாம் உலர்ந்து சுழலும். சின்னக் கோளாறோடு நின்ற வண்டி பெரிய கோளாறோடு ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும். முழு வண்டியையும் ஏற்றிப்போகும் தட்டு லாரியைக் கூப்பிடுங்கள். முன் சக்கர இழுவை வண்டி என்றால் முன் சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் கிரேனும் சரி. உளுந்தூர்பேட்டை – சேலம் தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது சாலையோர உதவிச் சேர்க்கையை எடுத்து, எத்தனை கிலோமீட்டர் வரை இழுவை இலவசம் என்று படித்துப் பாருங்கள்.

21. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரில் இறங்கி எழுந்த வண்டியின் கியர் ஆயிலை மறுநாளே பாருங்கள். கியர்பாக்ஸின் மேலே காற்றுப்போக்கி ஒன்று உண்டு. சூடான பெட்டி சட்டென்று தண்ணீரில் குளிரும்போது அதன் வழியே உள்ளே இழுத்துவிடும்.

22. பேட்டரி மாற்றியபின் கியர் சில நாள் முரட்டுத்தனமாக விழுந்தால், கம்ப்யூட்டர் தன் பழைய கணக்கை மறந்திருக்கலாம். நிதானமாக ஓட்டினால் பல வண்டிகளில் தானாகச் சரியாகும். ஏஎம்டியில் கிளட்ச் தட்டு மாற்றினால் மட்டும் ஸ்கேனர் கொண்டு புதிதாகக் கற்பித்தே ஆக வேண்டும். தட்டு மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக்கிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கிளட்சை இயக்கும் கருவிக்குத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் ஹைட்ராலிக் ஆயில் இருக்கும். பலர் அதை எட்டிப் பார்ப்பதேயில்லை.

23. "நீங்க ஓட்டுற விதம் சரியில்லை" என்று சொல்லி அனுப்பினால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இரட்டை கிளட்ச் வண்டிகள் நடுங்குவதாக ஆஸ்திரேலியாவில் புகார் வந்தபோது, ஓட்டுபவர்கள்மேலேயே பழி போட்டார்கள். 2018-இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம், வாடிக்கையாளர்களை நடத்திய விதத்துக்காகக் கம்பெனிக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஃபோகஸ், ஃபியஸ்டாவோடு ஈகோஸ்போர்ட்டும் அந்த வழக்கில் வந்த வண்டி. நம் மறைமலை நகரில் தயாரானதும் அதே ஈகோஸ்போர்ட்தான். கம்பெனி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்தாலும், அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகள் செகண்ட் ஹேண்டில் நல்ல விலை சொல்லிக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குபவர்கள் கிளட்ச் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

24. பெரிய வேலைதான் என்று முடிவானால், கள்ளக்குறிச்சியில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று குறைந்தது இரண்டு இடத்தில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். "மொத்தமா இவ்வளவு" என்பது எஸ்டிமேட் அல்ல. சாலினாய்டு எவ்வளவு, வால்வு பாடி எவ்வளவு, கிளட்ச் தட்டு செட் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்துப் பழகாத நல்ல மெக்கானிக்கைவிட, பழகிய சுமாரான மெக்கானிக் மேல். இதைச் சொன்னால் நம்ம ஊர்க்காரருக்குக் கோபம் வரும். வேறு வேலைகளுக்கு அவரிடமே போங்கள்.

25. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய கியர்பாக்ஸ் கிடைக்கும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. பெட்டிமேல் உள்ள கோடு எண், வண்டியின் வருஷம், எஞ்சின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். ஆயிலை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். பொருத்தி ஓட்டிப் பார்க்க எத்தனை நாள் தவணை, ஓடாவிட்டால் மாற்றித் தருவாரா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பொருத்தும்போது பழைய ரேடியேட்டரையும் ஆயில் குழாய்களையும் அலசாமல் விட்டால், பழைய பெட்டியின் உலோகத்தூள் புதுப் பெட்டிக்குள் போகும்.

26. செலவு செய்யலாமா என்பதற்கு என் கணக்கு: பழுதின்றி விற்றால் கிடைக்கும் விலையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். அதோடு ஆர்சியைப் பாருங்கள். 15 வருஷம் முடிந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அது 5 வருஷத்துக்குச் செல்லும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. பசுமை வரி தனி. பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும் வண்டிக்குப் புது கியர்பாக்ஸ் போடுவது பாசம், சிக்கனம் அல்ல.

27. சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் பணம் தராது. "இன்சூரன்ஸில் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால், விபத்து என்று பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார் என்று அர்த்தம். மாட்டினால் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

28. பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள், விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். கோளாறுகளில் சில ஆறிய வண்டியில்தான் தெரியும். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். வேறு சில சூட்டில்தான் தெரியும். கடைசியாக ஒரு ஏற்றத்தில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். அங்கே திணறும் வண்டிக்கு எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

29. வேலை செய்தும் சரியாகாமல், பணமும் திரும்பாமல் அலைக்கழித்தால், பில், எஸ்டிமேட், காந்தத்தின் படம், ஸ்கேனர் கோடுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.